மஞ்சள்கருவைத் தூக்கிப் போடுவது மடத்தனமா, இல்லையா?

#1 முழுமுட்டை

நேற்று அலுவலக உணவறையில் எதிரே உட்கார்ந்திருந்தவர் நான்கு அவித்த முட்டைகளை உரித்தார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து மஞ்சள்கருவைக் கரண்டி நுனியால் நெம்பினார். நான்கும் கோலிக்குண்டு மாதிரி உருண்டு குப்பைக்கூடைக்குள் போயின. வெள்ளையை மட்டும் மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டார். ஏன் என்று கேட்டேன். "கொலஸ்ட்ரால்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

ஓடு நீக்கிய ஒரு பெரிய முட்டை ஏறக்குறைய 50 கிராம். அதில் புரதம் 6 கிராமுக்குச் சற்று அதிகம். அந்தப் புரதமெல்லாம் வெள்ளைக்கருவில்தான் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் 40 சதவீதத்துக்கும் மேல் மஞ்சள்கருவில்தான் இருக்கிறது. வெள்ளைக்கருவில் 88 சதவீதம் தண்ணீர்! வைட்டமின் ஏ, டி, ஈ, கே எதுவும் அதில் கிடையாது. பி12, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின், கண்ணுக்கு நல்லது என்று சொல்லும் லூட்டின் எல்லாம் மஞ்சளில்தான். வெள்ளைக்கருவுக்குப் பெருமை சேர்ப்பது புரதமும் கொஞ்சம் ரைபோஃப்ளேவினும்தான்.

என் கட்சி இதுதான்: சாப்பிட்டால் முழுசாகச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் முட்டையை விட்டுவிடுங்கள். மறுப்பவர்கள் வரலாம்.

#2 கணக்குப்பிள்ளை

வந்துவிட்டேன். மஞ்சளைத் தூக்கிப் போடும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

நீங்கள் போட்ட பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. ஒரு பெரிய முட்டையில் கொலஸ்ட்ரால் சுமார் 186 மில்லிகிராம். அத்தனையும் மஞ்சள்கருவில். வெள்ளையில் பூஜ்யம்.

என் கதையைச் சொல்கிறேன். போன வருடம் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த ஜோரில் தினமும் நான்கு முழு முட்டை சாப்பிட்டேன். மூன்று மாதம். வேறு எந்தச் சாப்பாட்டையும் மாற்றவில்லை, எடையும் ஏறவில்லை. தொடங்குவதற்கு முன் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 118. மூன்று மாதம் கழித்து 163. மருத்துவர் சொன்னபடி மஞ்சளை மட்டும் நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் 124. இதற்கு மேல் எனக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. வயிறு எரிவது உங்களுக்கு, ரத்தக்குழாய் அடைத்தால் அவதி எனக்கு.

#3 முழுமுட்டை

நண்பரே, ஒருவருடைய ரத்தப் பரிசோதனையை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1913இல் ரஷ்யாவில் நிகொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்த்தார். முயல்களின் தமனிகளில் கொழுப்புப் படிந்தது. முயல் புல் தின்னும் பிராணி. அதன் உடம்புக்கு உணவு வழியே வரும் கொலஸ்ட்ரால் பழக்கமே இல்லை. நமக்கோ கல்லீரலே பெரும்பங்கைச் செய்துகொள்கிறது, சாப்பாட்டில் கூடினால் உற்பத்தியைக் குறைக்கிறது.

1968இல் அமெரிக்க இதய சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான், வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் கூடாது என்றது. 2015 முதல் 2020 வரைக்கான அமெரிக்க உணவு வழிகாட்டியில் அந்த 300 என்ற எண்ணே எடுக்கப்பட்டுவிட்டது. அரை நூற்றாண்டு பயமுறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் விலகிக்கொண்டார்கள்.

இன்னொன்று. 1991இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 88 வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றிய கட்டுரை வந்தது. அவர் பல ஆண்டுகளாகத் தினமும் 25 முட்டை சாப்பிட்டு வந்தவர். கொலஸ்ட்ரால் சாதாரண அளவில் இருந்தது. நாளைக்கு இருபத்தைந்து ஐயா!

#4 கணக்குப்பிள்ளை

முழுமுட்டை எழுதியது: "நாளைக்கு இருபத்தைந்து ஐயா!"

இந்தக் கதையை எல்லாரும் பாதியோடு நிறுத்திவிடுவீர்கள். அதே கட்டுரையில் காரணமும் இருக்கிறது. அந்தப் பெரியவரின் குடல், உணவில் வந்த கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சியது. அவர் கல்லீரல் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு பித்த அமிலம் செய்து மிச்சத்தையும் வெளியேற்றியது. அவருக்குப் பிரத்தியேகமான ஏற்பாடு அது. எனக்கு அப்படி ஒரு குடல் வாய்க்கவில்லை.

வழிகாட்டியில் எண்ணை எடுத்தார்கள், சரி. ஆனால் அதே வழிகாட்டி உணவுக் கொலஸ்ட்ராலை முடிந்த அளவு குறைவாகச் சாப்பிடச் சொன்னதே, அதையும் சொல்லுங்கள். 2019இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு எங்கே போயிற்று? அமெரிக்காவில் 29,615 பேர். சராசரியாகப் பதினேழரை வருடம் பின்தொடர்ந்தார்கள். நாளைக்கு அரை முட்டை கூடக்கூட இதய, ரத்தக்குழாய் நோய் வாய்ப்பு 6 சதவீதம் அதிகம். முயல் இல்லை, மனிதர்கள்.

#5 சோதனைக்குழாய்

உணவு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் இடையே புகுகிறேன். இரண்டு பேருமே தங்களுக்குத் தோதான ஆய்வைத்தான் கையில் எடுக்கிறீர்கள்.

2019 ஆய்வுக்கு அடுத்த வருடமே, 2020இல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வேறொன்று வந்தது. மூன்று பெரிய அமெரிக்கக் குழுக்கள், 32 வருடம் வரை கண்காணிப்பு. நாளைக்கு ஒரு முட்டை வரை இதய நோயோடு தொடர்பு தெரியவில்லை. அதற்கு முன் 2018இல் சீனாவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது தினமும் முட்டை சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்கசிவு வகைப் பக்கவாதம் குறைவாகவே இருந்தது.

மூன்றும் பொய்யில்லை. மூன்றுமே ஆட்களைக் கவனித்து எழுதியவை, யாரையும் இத்தனை முட்டை சாப்பிடு என்று வைத்துச் சோதித்தவை அல்ல. முட்டையோடு பன்றி இறைச்சியும் வெண்ணெயும் சாப்பிடுகிறவரையும் காய்கறியோடு சாப்பிடுகிறவரையும் முழுசாகப் பிரித்துப் பார்க்க முடியாது. 2019 ஆய்வில் ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அதை வைத்தே பதினேழு வருடத்தையும் அளந்தார்கள். போன மாதம் என்ன சாப்பிட்டேன் என்று என்னைக் கேட்டாலே முழிப்பேன்.

கணக்குப்பிள்ளை சொல்லும் 118, 163 கதையை நான் நம்புகிறேன். பெரும்பாலானோருக்கு உணவுக் கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கொஞ்சம்தான் ஏற்றும். ஒரு பகுதியினருக்கு நன்றாகவே ஏறும். அவர் அந்தப் பகுதி. அவ்வளவுதான்.

#6 பயில்வான்

எல்லாரும் அவித்த முட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். வேகவைத்தால் சத்து செத்துவிடும். நான் பத்து வருடமாகக் காலையில் ஐந்து பச்சை முட்டை உடைத்து ஊற்றிக் குடிக்கிறேன். ஒரு நாள் காய்ச்சல் வந்ததில்லை.

#7 சோதனைக்குழாய்

பயில்வான் சார், நீங்கள் குடிக்கும் ஐந்தில் பாதிப் புரதம் சும்மா போகிறது. 1998இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதம் சுமார் 91 சதவீதம் செரித்தது. பச்சையில் 51 சதவீதம்.

காரணம் எளிது. பச்சை வெள்ளைக்கருவில் புரதங்கள் இறுக்கமாகச் சுருண்டு கிடக்கும். குஞ்சு வளரும்வரை கிருமி அண்டாமல் காப்பது அவற்றின் வேலை. செரிமான நொதிகளைத் தடுக்கிற புரதமும் அதில் உண்டு. அதையும் மீறி வந்த கிருமியின் சுவரை உடைக்க லைசோசைம் என்ற நொதி. சூடு பட்டால்தான் சுருள் பிரிந்து நம் நொதிகளுக்கு வழி கிடைக்கும். அவிடின் என்று ஒன்று, பயோட்டின் வைட்டமினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. வேகவைத்தால் பிடி தளரும். பச்சை முட்டையை மாதக்கணக்கில் ஏராளமாகக் குடித்தவர்களுக்குத் தோல் உரிவதும் முடி கொட்டுவதும் இதனால்தான்.

வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி தனிக் கதை. ஓட்டின் மேல் மட்டும் இருக்கும், கழுவினால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். என்டெரிடிடிஸ் என்ற வகை கோழியின் சினைப்பையிலேயே தொற்றிக்கொண்டு, ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடும். கழுவிப் பிரயோஜனமில்லை. 71 டிகிரிக்குச் சூடாக்கினால் சாகும்.

#8 பயில்வான்

அந்த பெல்ஜிய ஆய்வில் எத்தனை பேர்? நான் தேடிப் பார்த்தேன். ஐந்தே பேர்! ஐந்து பேரை வைத்துக்கொண்டு என் பத்து வருடத்தைத் தப்பு என்கிறீர்களா?

#9 சோதனைக்குழாய்

ஐந்து பேர்தான், மறுக்கவில்லை. அது குறைதான். ஆனால் அந்த ஐந்து பேரும் சிறுகுடலின் முடிவை வயிற்றுக்கு வெளியே திறந்து வைத்திருந்த நோயாளிகள். பெருங்குடலுக்குப் போவதற்கு முன் என்ன மிஞ்சியது என்பதை நேராகவே எடுத்து அளக்க முடிந்தது. அப்படி ஆட்கள் ஐம்பது பேர் கிடைக்கமாட்டார்கள். அதுவும் 91க்கும் 51க்கும் நடுவே இருப்பது சின்ன இடைவெளி இல்லையே.

காய்ச்சல் வராததற்கு மகிழ்ச்சி. முட்டைகளில் மிகச் சிலவற்றில்தான் கிருமி இருக்கும். பத்து வருடம் தப்பியது அதனால்.

#10 கூமுட்டை

என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பள்ளியில் வாத்தியார் வைத்தது. மூன்று சந்தேகம்.

ஒன்று, பழுப்பு ஓட்டு முட்டைக்குச் சத்து அதிகமா? இரண்டு, மஞ்சள்கரு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் நல்ல கோழி என்கிறார்களே? மூன்று, நேற்று ஆம்லெட்டுக்கு உடைத்தபோது மஞ்சளின் மேல் ரத்தப்பொட்டு. குஞ்சு உருவாகிவிட்டது என்று பயந்து கொட்டிவிட்டேன்.

#11 தீவன மூட்டை

இப்போதுதான் நான் பேசவேண்டிய இடம் வந்திருக்கிறது. 14 வருடம் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கலந்தவன்.

மூன்றாவதை முதலில் முடிக்கிறேன். ரத்தப்பொட்டுக்கும் குஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள்கரு சினைப்பையிலிருந்து கழன்று விழும்போது சின்ன ரத்தக்குழாய் ஒன்று அறுந்திருக்கும். பண்ணையில் சேவலே கிடையாது, கரு எப்படிக் கூடும்? பொட்டைக் கரண்டியால் எடுத்துவிட்டுச் சமைத்திருக்கலாம். வெள்ளை வடம் போல முறுக்கிக்கொண்டு நிற்பதையும் சிலர் கரு என்று பிடுங்கிப் போடுகிறார்கள். அது மஞ்சளை நடுவில் நிறுத்தி வைக்கிற கயிறு. அது பளிச்சென்று தெரிந்தால் முட்டை புதுசு என்று அர்த்தம்.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. அவ்வளவே. கோழி ஓடு கட்ட சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எல்லா ஓடும் வெள்ளையாகத்தான் தொடங்கும். பழுப்பு இனம் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே சாயம் பூசும். நம்பாதவர்கள் பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். அராக்கானா என்ற தென் அமெரிக்க இனம் நீல முட்டை இடும். அதில் மட்டும் சாயம் ஓடு முழுக்க ஊறியிருக்கும், உள்ளும் புறமும் நீலம். எதுவானாலும் உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான்.

இப்போது ஆரஞ்சு மஞ்சள்கரு. இது எங்கள் கைவண்ணம் ஐயா! எங்களிடம் விசிறி மாதிரி விரியும் ஒரு வண்ண அட்டை உண்டு. 1 முதல் 15 வரை பட்டைகள், வெளிர் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை. வாங்குகிறவர் "எனக்கு 12 வேண்டும்" என்பார். தீவனத்தில் சாமந்தி இதழ்ச் சாறும், சிவப்பு கூட வேண்டுமானால் மிளகாய் இன நிறச்சாறும் கலப்போம். கலந்த அன்று நகக்கண்ணெல்லாம் மஞ்சளாகிவிடும், சோப்புப் போட்டாலும் போகாது. தீவனத்தை மாற்றியதும் நிறம் ஏறத் தொடங்கும், பத்துப் பதினைந்து நாளில் கேட்ட எண் வந்துவிடும். மஞ்சள்கரு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து வளர ஏறக்குறைய பத்து நாள் ஆகும், அதனால் அந்தத் தாமதம். மக்காச்சோளம் போட்டால் மஞ்சள், கோதுமை மட்டும் போட்டால் வெளிறிப்போகும். வைட்டமின் ஏ கூடினால் நிறம் கூடும் என்று நினைக்கவேண்டாம்.

#12 முழுமுட்டை

அப்படியென்றால் எல்லா முட்டையும் ஒன்றுதான் என்கிறீர்களா? வெயிலில் மேயும் கோழிக்கும் கூண்டுக்கோழிக்கும் வித்தியாசமே இல்லையா?

#13 தீவன மூட்டை

அதையும் சொல்லவில்லை. புரதத்தைத் தீவனத்தால் பெரிதாக மாற்ற முடியாது. வெள்ளைக்கருவின் கலவை கோழியின் உடம்பிலேயே எழுதியது. ஆனால் கொழுப்பின் வகை, அயோடின், செலினியம், வைட்டமின் டி, ஈ இவையெல்லாம் தீவனத்துக்கு ஏற்ப ஆடும். ஆளிவிதை கலந்தால் ஒமேகா 3 ஏறும், அது விளம்பரப் பொய்யில்லை. வெயிலும் அப்படித்தான். ஜெர்மனியில் 2014இல் அளந்தபோது வெளியே திரிந்த கோழிகளின் மஞ்சள்கருவில் வைட்டமின் டி மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. கோழியும் நம்மைப் போலத் தோலில்தான் அதைச் செய்கிறது. அதைப் பார்த்து நிறத்தால் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நிறத்தை நான் மூட்டையில் தருவேன்.

#14 முழுமுட்டை

நல்லது, இதிலிருந்தும் என் கட்சிதான் ஜெயிக்கிறது. டி வைட்டமினும் ஒமேகா 3யும் லூட்டினும் எங்கே இருக்கின்றன? மஞ்சளில்! இரும்புச் சத்தும் மஞ்சளில். வெள்ளையை மட்டும் தின்பவர் தீவன மூட்டையின் உழைப்பையே குப்பையில் போடுகிறார்.

#15 கணக்குப்பிள்ளை

இரும்பா? மாட்டிக்கொண்டீர்கள். மஞ்சள்கருவில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அங்கேயே பாஸ்விடின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைப்பது சொற்பம். கூடச் சாப்பிடும் உணவின் இரும்பு உறிஞ்சலையும் முட்டை குறைக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது ஏட்டு இரும்பு.

#16 சோதனைக்குழாய்

இந்த இடத்தில் கணக்குப்பிள்ளை சொல்வது சரி. முட்டையை இரும்புக்காகச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. வைட்டமின் சி, நார்ச்சத்து இரண்டும் அதில் பூஜ்யம். முழுமையான உணவு என்று கோஷம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆனால் லூட்டின் நேர் எதிர். கீரையில் முட்டையைவிடப் பல மடங்கு லூட்டின் இருக்கிறது. இருந்தாலும், ஒரே அளவு லூட்டினை முட்டை வழியாகவும் கீரை வழியாகவும் மாத்திரை வழியாகவும் கொடுத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், ரத்தத்தில் அதிகம் ஏறியது முட்டை வழியாக வந்ததுதான். மஞ்சள்கருவின் கொழுப்பிலேயே அது கரைந்து வருகிறது.

உடற்பயிற்சிக்காக வெள்ளைக்கரு தின்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2017இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களுக்கு, எடைப் பயிற்சி முடிந்ததும், 18 கிராம் புரதத்தை ஒருமுறை முழு முட்டையாகவும் இன்னொருமுறை வெள்ளைக்கருவாகவும் கொடுத்தார்கள். தசை கட்டும் வேகம் முழு முட்டையில் அதிகம். பயில்வான் சார், இதிலும் பத்தே பேர்தான், நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

#17 பயில்வான்

சரி சரி. நாளையிலிருந்து ஆஃப்பாயில்.

#18 சோதனைக்குழாய்

வெள்ளை முழுசாக வெந்தால் அவிடின் பிரச்சினை தீர்ந்தது. மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தால் சால்மொனெல்லா கணக்கு இன்னும் பாக்கி. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் அந்தப் பரிசோதனையில் இறங்கவேண்டாம்.

#19 முழுமுட்டை

யாரும் கோலினைப் பற்றிப் பேசவில்லையே. ஒரு முட்டையில் 147 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் ஆண்களுக்கு 550, பெண்களுக்கு 425 என்று தேவையை வகுத்தார்கள். கர்ப்பத்தில் குழந்தையின் மூளை வளர இது வேண்டும். இரண்டு முழு முட்டையில் பாதித் தேவை முடிகிறது. மஞ்சளை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்றால் கிடைப்பது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கணக்குப்பிள்ளை இதற்குக் கணக்குச் சொல்லட்டும், அல்லது கணக்குப் பார்ப்பதையே விட்டுவிடட்டும்.

#20 மட்டுறுத்துநர்

கருத்தோடு மோதுங்கள், பெயரோடு வேண்டாம்.

#21 கணக்குப்பிள்ளை

பரவாயில்லை, எனக்குத் தோல் தடிமன், ஓடு மாதிரி.

கோலின் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. மீனிலும் பயறுகளிலும் கொஞ்சம் கிடைக்கும், முட்டை அளவுக்கு எளிதாகக் கிடைக்காது என்பது தெரிகிறது. அதனால் நடுவழி ஒன்று யோசித்திருக்கிறேன். மூன்று வெள்ளையோடு ஒரு மஞ்சள். ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். எல்.டி.எல். 130க்குள் நின்றால் தொடர்வேன். ஏறினால் பழையபடி கரண்டியால் நெம்புவேன், நீங்கள் எவ்வளவு வயிறு எரிந்தாலும் சரி. முழுசாகச் சாப்பிடு இல்லாவிட்டால் விட்டுவிடு என்கிற உங்கள் சட்டத்தை மட்டும் கடைசிவரை ஏற்கமாட்டேன்.

#22 கூமுட்டை

கடைசியாக ஒன்று. அவித்த முட்டையில் மஞ்சளைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் வருகிறதே, அது கெட்டுப்போனதா? அப்புறம் புது முட்டை உரிக்கவே வருவதில்லை, பாதி வெள்ளை ஓட்டோடு போய்விடுகிறது.

#23 சோதனைக்குழாய்

கெட்டதில்லை. அதிக நேரம் கொதித்தால் வெள்ளையின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்து அந்த நிறம் கொடுக்கும். சாப்பிடலாம்.

உரிக்க வராததற்குக் காரணம் முட்டை ரொம்பப் புதிதாக இருப்பது. புது முட்டையின் வெள்ளையில் கரியமில வாயு கரைந்திருக்கும், உடைத்தால் மங்கலாகத் தெரிவது அதனால்தான். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அவை வழியாக நாள்பட வாயு வெளியேறக் காரத்தன்மை கூடும், உள் சவ்வு வெள்ளையை விட்டுக் கழலும். ஒரு வாரம் ஆன முட்டையை அவித்துப் பாருங்கள்.

#24 முழுமுட்டை

இந்தத் திரியைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இன்று அதே உணவறை, அதே ஆள். விசாரித்தேன். அவருக்குப் பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் அதிகம். அப்பா 44 வயதில் மாரடைப்பில் போயிருக்கிறார். இவர் சின்ன வயதிலிருந்து மாத்திரை எடுக்கிறார். நான் போன தடவை ஏளனமாகக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தபடி தட்டை என் பக்கம் தள்ளினார். நான்கு மஞ்சளில் இரண்டை நான் தின்றேன். சுண்ணாம்பு மாதிரி தொண்டையில் அடைத்தது, சுற்றி நல்ல பச்சை வளையம். இருபத்தைந்து நிமிடம் கொதிக்க விடுகிறாராம். பத்து நிமிடம் போதும், எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.